சிபாவு பண்பாட்டு மையம்

சிபாவு பண்பாட்டு மையம் தென் பசிபிக்கில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட நியூ கலிடோனியாவின் தலைநகர் நூமியாவில், தினா தீபகற்பத்தில் உள்ளது. அந்நாட்டின் தொல்குடிகளான கனாக் மக்களின் பண்பாட்டுக்கென எழுப்பப்பட்டது. பெயர் கனாக் விடுதலை இயக்கத் தலைவர் ழான்-மரி சிபாவுவினுடையது. 1975இல் 'மெலனீசியா 2000' என்ற பெருவிழாவை நடத்தித் தம் மக்களின் கலைகளை நகரத்தின் கண்முன் நிறுத்தியவர் அவர். 1988இல் பிரெஞ்சு அரசுடனான மத்தினியோன் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அதை ஏற்காத கனாக் ஒருவர் 1989 மே 4 அன்று உவேயா தீவில் அவரைச் சுட்டுக் கொன்றார். மையம் திறக்கப்பட்டதும் ஒரு மே 4 அன்றுதான், 1998இல்.

கட்டட வடிவமைப்புக்கான போட்டியில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ 1991இல் வென்றார். கனாக் வாழ்க்கையை நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலாளர் அல்பான் பென்சா அவருக்குத் துணைநின்றார். மரபான கனாக் ஊரில் மரவரிசைகளுக்கு நடுவே நீண்ட பாதை ஒன்று செல்லும்; அதன் தலைமாட்டில் பெருங்குடில் நிற்கும். வட்டத் தரை, நடுவே ஒரு தூண், உயர்ந்த கூம்புக் கூரை, உச்சியில் செதுக்கிய மரக்கம்பம் என்பது அதன் அமைப்பு. இதை அப்படியே பெரிதாக்கியிருந்தால் சுற்றுலாப் பொம்மையாகத்தான் முடிந்திருக்கும். பியானோ எடுத்துக்கொண்டது ஊரின் ஒழுங்கை. மெல்ல வளையும் பாதையோரம் மூன்று அளவுகளில் கூடு போன்ற பத்துக் கட்டடங்கள், மூன்று தொகுதிகளாக நிற்கின்றன. மிக உயர்ந்தது 28 மீட்டர். அவற்றின் உச்சி குவிந்து மூடுவதில்லை. கட்டி முடியாதவை போல விலா மரங்கள் வானை நோக்கித் திறந்திருக்கின்றன.

ஒவ்வொரு கூட்டுக்கும் மரச்சுவர் இரண்டு அடுக்கு. இடையே காற்று ஓடும். கடற்காற்று மெல்ல வீசும்போது லூவர் பலகைகள் திறந்திருக்கும். காற்று வலுத்தால் கீழிருந்து மேலாக மூடிக்கொள்ளும். புயல் அடிக்கும் தீவில் இது அழகுக்காக மட்டும் செய்ததல்ல.

குறைகூறுவோரும் உண்டு. பிரெஞ்சு அரசின் பணம், இத்தாலியர் வரைந்த படம், ஆப்பிரிக்காவின் இரோக்கோ மரம்: இதில் கனாக் எங்கே என்பது அவர்கள் கேள்வி. இரோக்கோ கரையானுக்கு அசையாதது என்பது மரத்தேர்வுக்கு விடையாகலாம், மற்ற இரண்டுக்கும் ஆகாது. தோட்டத்தின் நிலை வேறு. அங்குள்ள 'கனாக் பாதை', முதல் மனிதன் தேயா கனாக்கேயின் தொன்மத்தைச் செடிகளின் வழியே சொல்கிறது. வள்ளிக்கிழங்கும் சேம்பும் அதில் உண்டு. கட்டடங்களின் உள்ளே நூலகம், அரங்கு, பசிபிக் தீவுக் கலைஞர்களின் படைப்புகளுக்கான காட்சிக்கூடங்கள் ஆகியவை இயங்குகின்றன. வளாகத்தின் மற்றொரு பகுதியில் மரபான கனாக் குடில்களும் எழுப்பப்பட்டன.