போர்மேன்

எங்கள் வீட்டுக் காடி 1997-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா ஈஸ்வரா. எனக்கும் அதே வயதுதான். போன வருடம் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வழியில், ஃபெடரல் ஹைவேயின் நடுத் தடத்தில், அது திடீரென்று அணைந்துவிட்டது. இரண்டு பக்கமும் லோரிகள். அப்பா எப்படியோ ஓரம் கட்டினார். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அதற்கப்புறம் இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று முறை.

முதல் பட்டறையில் ஃபியூவல் பம்ப்பை மாற்றினார்கள். இரண்டாவது பட்டறையில் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார்கள். காடி மறுபடியும் நின்றபோது, "எஞ்சினே பழசு, ரீகண்டிஷன் எஞ்சின் போட்டுருங்க, 2,800 வெள்ளி" என்றார்கள். அதற்குள் 600 வெள்ளி போயிருந்தது. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவன். தெர்மோடைனமிக்ஸில் ஏ வாங்கியவன். அவர்கள் சொல்வது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பழைய பம்ப் உண்மையிலேயே கெட்டிருந்ததா என்பது இன்றுவரை தெரியாது.

இந்தத் 'தெரியாது'வைப் பற்றி மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாம்பழம் புளிப்பா இனிப்பா என்பது தின்றால் தெரிந்துவிடும். சில சேவைகள் அப்படியில்லை. காசு கொடுத்து வாங்கிய பிறகும் அது தேவைப்பட்டதா என்பது நமக்குத் தெரியாது. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று காடி ரிப்பேர்.

அப்பாவுக்கு டார்பியும் தெரியாது, கார்னியும் தெரியாது. "நல்ல போர்மேனா பாருடா" என்றார்.

மலேசியாவில் காடி மெக்கானிக்குக்கு 'போர்மேன்' என்று பெயர். மலாய்க்காரர்கள் அதையே 'போமென்' என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த என் நண்பருக்கு இது ஒரு வாரம் புரியவே இல்லை. அவருக்கு போர்மேன் என்றால் பத்துப் பேரை வேலை வாங்குகிற மேற்பார்வையாளர். ஒற்றை ஆளாக ஐந்தடிக்குப்புறச் சந்தில் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக் துடைப்பவருக்கு எப்படி இந்தப் பட்டம் வந்தது? என் ஊகம், ரயில்வே வழியாக வந்திருக்க வேண்டும்.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடாவுக்கு ரயில் ஓடியது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. 1901-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வே அமைந்து, அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செந்தூலில் அதன் மத்தியப் பணிமனை எழுந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் யார்டும், பக்கத்திலேயே ஊழியர் குவாட்டர்ஸும். இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இந்த இரண்டு இடங்களிலும் வேரூன்றியது அப்படித்தான். ஃபிட்டர், டர்னர், பாய்லர்மேக்கர், அவர்களுக்குக் கீழே தொழில் பழகும் பையன்கள், எல்லோருக்கும் மேலே போர்மேன். அந்த நாற்காலியில் ஆரம்பத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய காலத்தைப் பற்றி எழுதும்போது நமக்கு ஏக்கம் கொஞ்சம் அதிகமாகவே ஊறிவிடுகிறது.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாமான் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும், வாரக் கணக்கில் ஆகும். அதனால் பணிமனையிலேயே வார்ப்பார்கள், கடைவார்கள், தேய்ந்ததைத் தட்டிச் சரிசெய்வார்கள். அதைச் செய்தவனுக்கு மாதச் சம்பளம். ஒரு பாகத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அவன் கைக்கு வருவது ஒன்றுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் யார்டு இருந்த இடத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் வந்தது. 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' இடிந்து போனது. செந்தூலின் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005-இல் நாடக அரங்கமானது. பட்டறை வேலை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. சொல் மட்டும் தெருவில் இறங்கி சாகாவுக்கும் கஞ்சிலுக்கும் வைத்தியம் பார்க்க வந்துவிட்டது.

அப்பாவின் பழைய லோரிக்கார நண்பர் கைகாட்டிய போர்மேன் கிள்ளானில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா செந்தூலில் ஃபிட்டர், பிறந்து வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் குவாட்டர்ஸ். இவருக்கு ரயில்வேயில் இடம் கிடைக்கவில்லை. பதினைந்து வயதில் கிள்ளானில் ஒரு ஹொக்கியன் தவுக்கேயிடம் சேர்ந்தார். ஸ்பேனருக்கெல்லாம் ஹொக்கியனில் பேர் சொல்வார், திட்டுவது தமிழில்.

நான் நடந்ததையெல்லாம் சொல்லி, மாற்றிய சாமான்களின் பட்டியலையும் நீட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை. "எப்ப நிக்குது? சூடாகியா, பச்சையா இருக்கையிலயா?"

"சூடானப்புறம் அங்கிள்."

"அப்ப நிக்கட்டும். உக்காருங்க தம்பி."

எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டை மூடிவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி வாங்கி வரச் சொன்னார். ஒரு மணி நேரம் போனது. நடுவில் ஒரு தடவை, "எனக்கும் தெரியல, பாப்போம்" என்றார். அந்த இரண்டு மாதத்தில் பட்டறைக்காரர் வாயிலிருந்து 'தெரியல' என்ற வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஒன்றே கால் மணி நேரத்தில் காடி நின்றது. அவசரமில்லாமல் எழுந்தார். பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, உதிரிப் பிளக்கை மாட்டி, எஞ்சின் உடம்பில் வைத்து, என்னைச் சாவி திருப்பச் சொன்னார். பொறி வரவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் சுற்றினார். ஐந்து நிமிடம். திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறியை எழுப்பும் சின்ன எலக்ட்ரானிக் பாகம் சூடானால் செத்துப்போகிறது, ஆறினால் உயிர்த்துக்கொள்கிறது. பெட்ரோலுக்கும் பம்ப்புக்கும் கார்ப்பரேட்டருக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

பக்கத்து ஹாஃப்-கட் கடையில் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை 90 வெள்ளிக்கு எடுத்துப் போட்டார். ஜப்பானில் புதுக் காடிக்கு மூன்றாம் வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை, செலவு அதிகம். அதனால் அங்கே நல்ல நிலையிலேயே கழித்துவிடும் காடிகள் இரண்டாக வெட்டப்பட்டு இங்கே வருகின்றன. 1985-இல் வந்த முதல் சாகாவே மிட்சுபிஷி லான்சரின் வார்ப்புதான். ஈஸ்வராவின் எஞ்சினும் மிட்சுபிஷி. அதனால்தான் அங்கே கழித்தது இங்கே பொருந்துகிறது.

பில்லில் இரண்டு வரி. டிஸ்ட்ரிபியூட்டர் 90. கூலி 30.

மொத்தம் இரண்டரை மணி நேரம் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும்தான் உறுத்தியது. விபத்துக் காடிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கொடுத்த கூலி பற்றி ஒரு பெரிய வழக்கு இங்கே நடந்தது. பொதுக் காப்புறுதிச் சங்கமும் 22 நிறுவனங்களும் சேர்ந்து, உதிரிப்பாகத் தள்ளுபடியையும் மணிக்கு 30 வெள்ளி என்று கூலியையும் நிர்ணயித்தது தவறு என்று போட்டி ஆணையம் 2020-இல் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் அபராதம் விதித்தது. 2022-இல் மேல்முறையீட்டு நடுவர் மன்றம் அதை ரத்து செய்தது. சட்டத்தில் யார் பக்கம் சரி என்பது இருக்கட்டும். அந்த எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத் தொழிலுக்கு 30 வெள்ளி. பங்சாரில் இரண்டு பேர் காப்பி குடித்தால் முடிந்துவிடும்.

மூளைக்கும் கைக்கும் காசு கொடுக்க நமக்கு மனசில்லை. சாமானுக்குக் கேட்டால் கொடுக்கிறோம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது பட்டறைக்காரர் எதை விற்றுப் பிழைப்பார்? அந்த முதல் பட்டறை ஒரு மணி நேரம் காத்திருந்து, "பம்ப் நல்லாத்தான் இருக்கு, 80 வெள்ளி கொடுங்க" என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். இதை ஒத்துக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் நானே ஒரு மெஷினின் முன்னால் நாள் முழுக்க நின்றுவிட்டு, 'கோளாறு எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன்.

பழைய காடியைத் தூக்கிப் போட வைக்க அரசாங்கமும் முயன்றிருக்கிறது. 2009 மார்ச்சில், பத்து வயது தாண்டிய காடியைக் கொடுத்துவிட்டுப் புது புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்கினால் 5,000 வெள்ளி என்றார்கள். அதே வருடக் கடைசியில், 15 வயது தாண்டிய வண்டிகளுக்குச் சாலை வரி புதுப்பிக்கக் கட்டாயச் சோதனை என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். எங்கள் ஈஸ்வராவுக்கு அப்போது 12 வயது. அந்த 5,000 வெள்ளி அப்பாவுக்கும் கிடைத்திருக்கும். "மாசா மாசம் பேங்குக்கு யாரு கட்றது?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

போர்மேனுக்கு ஒரு மகன், சிங்கப்பூரில் வேலை. பட்டறையில் பழகுவதற்குப் பையன் யாரும் இல்லை. "கார்ப்பரேட்டர் காடியே இல்ல, என்னாத்த கத்துக்குடுக்க?" என்றார்.

மூன்று மாதம் கழித்து எஞ்சின் எண்ணெய் மாற்றப் போனேன். முதல் நாளே போனில், "எண்ணெய நீங்களே கடையில வாங்கிட்டு வாங்க தம்பி, மலிவா கிடைக்கும்" என்றார். நான் வெறுங்கையோடு போனேன். அவரிடம் இருந்ததையே ஊற்றச் சொன்னேன். கடையைவிட 15 வெள்ளி அதிகம். பில்லை எழுதிவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூலி வரியை அடித்துவிட்டு, தேத்தண்ணிக்குச் சொல்லச் சொன்னார்.