புதுப்புனலும் பூங்காவும்

காவிரியில் நீராடப் புகுந்த ஒருவன் கரையேறவில்லை. தமிழ் இலக்கியம் நமக்குத் தரும் நீர்விளையாட்டுச் செய்திகளுள் பழமையானது ஒன்று இப்படித்தான் முடிகிறது. கழார் என்னும் ஊரின் துறையில், கரிகாற் சோழன் தன் சுற்றத்தாருடன் இருந்து காணப் புனல்விழா நடைபெற்றது. ஆடலில் வல்ல ஆட்டனத்தி நீரில் ஆடினான்; காவிரி அவனைக் கவர்ந்து சென்றது. அவன் மனைவி ஆதிமந்தி அவனைத் தேடி ஆற்றங்கரை நெடுக அலைந்தாள். அகநானூற்றில் பரணர் இதனை எடுத்துரைக்கிறார். விழாவும் இடரும் அன்றே கைகோத்து வந்தன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பரிபாடல் காட்டும் வையை விழா களிப்பு மிக்கது. மலையில் மழை பொழிந்தது என்ற செய்தி வந்தவுடன் மதுரை நகரமே கரைக்குப் புறப்படுகிறது. பொன்னாற் செய்த நத்தை, நண்டு, இறால், வாளை முதலிய உருவங்களைப் புதுவெள்ளத்தில் இட்டு மகிழ்கிறார்கள். பாலத்தைக் கடக்கும்போது இரயிலின் சன்னல் வழியே நம் தாய்மார்கள் ஆற்றில் காசு எறிவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொன் நண்டுதான் நினைவுக்கு வரும். நண்டு காசாயிற்று, எறியும் கை மாறவில்லை.

இவ்விழாக்களில் ஓர் ஒற்றுமை உண்டு. புதுப்புனல் எந்நாள் வரும் என்பதை வானமே முடிவு செய்தது. ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள் என்று காவிரிக் கரையினர் பிற்காலத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டதும் வானத்தின் வழக்கம் அறிந்தே. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை ஓங்கி, அந்நீர் சமவெளியை நிறைக்கும் காலம் அது. ஏரிகளும் அப்போதுதான் நிரம்பத் தொடங்கும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக் கரையில் தொடங்குகிறது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இன்று வீராணம் என வழங்கும் அந்த ஏரிக் கரையில் குடும்பம் குடும்பமாக மக்கள் கட்டுச்சோற்றுடன் கூடியிருக்கும் காட்சியைப் படித்துவிட்டு, பார்க்காத ஏரிக்காக ஏங்கிய தமிழர் எத்தனை பேர்! வேளாண்மைக்கென வெட்டப்பட்ட நீர்நிலை ஆண்டுக்கு ஒரு நாள் விழாக்களமாகும். மறுநாள் மீண்டும் உழவனுடையதாகும். பொழுதுபோக்குக்கெனத் தனியிடம் ஒதுக்கும் எண்ணம் நம் நாட்டுப்புறத்தில் அந்நாளில் இல்லை.

அவ்வெண்ணம் வந்தது பெரிய அணைகளோடுதான். மைசூர் அரசு 1911ஆம் ஆண்டு கண்ணம்பாடியில் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து நிறைவுற்றது. விசுவேசுவரய்யாவின் பெயர் அந்த அணையோடு பிரிக்க இயலாதபடி இணைந்துவிட்டது. ஆயினும் அதன் அடியில் பிருந்தாவனத் தோட்டம் எழக் காரணமானவர் திவான் மிர்சா இஸ்மாயில். ஆறு பாய்ந்து கிடந்த தாழ்நிலத்தில் படிப்படியாகப் புல்வெளி, நீரூற்றுகள், இரவில் வண்ண விளக்குகள்! ஆற்றுக்கு நீராடச் சென்றவர்கள், ஆற்றை வேடிக்கை பார்க்கச் செல்பவர்களாக மாறிய வரலாறு நம் பகுதியில் அங்கே தொடங்குகிறது எனலாம். பின்னர்த் தமிழ்த் திரைப்படங்களின் காதல் பாட்டுகள் பல அந்த நீரூற்றுகளின் முன்னே படமாயின. கொட்டகையில் அவற்றைப் பார்த்தவர்களுக்குத் தோட்டத்தின் மேலே ஓர் அணை இருந்தது நினைவில் இல்லை. அணைக்குப் பின்னே, நீருக்குள், பழைய கண்ணம்பாடியின் வேணுகோபாலசுவாமி கோயில் இருந்ததும் தெரியாது. வறண்ட ஆண்டுகளில் அக்கோயில் வெளிப்பட்டது. இந்த நூற்றாண்டில் அதன் கற்களைப் பெயர்த்துக் கரையில் மீண்டும் எழுப்பினார்கள்.

முன்னே பூங்கா, பின்னே மூழ்கிய கோயில். இந்த அமைப்பைக் காவிரிப் படுகையில் திரும்பத் திரும்பக் காண்கிறோம். 1950களில் நீர் தேக்கிய பவானிசாகருக்குள் தணாயக்கன் கோட்டைக் கோயில் மூழ்கியது. அணையடியில் பூங்கா எழுந்தது. இவற்றுக்கெல்லாம் நடுவே, எனக்கு மிக நெருக்கமானது மேட்டூர்.

சென்னை மாகாணமும் மைசூரும் 1924 பிப்ரவரியில் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின்னரே மேட்டூர் அணைக்கு வழி பிறந்தது. அவ்வாண்டு ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம், ஆற்றைக் கட்டுப்படுத்தும் தேவையை ஐயத்துக்கு இடமின்றி உணர்த்தியது. கர்னல் எல்லிஸ் என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி 1925இல் வேலை தொடங்கி 1934இல் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அணையைத் திறந்துவைக்க, நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது. நீளம் 5,300 அடி, நீர் நிற்கும் உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மிகுதி நீர் வெளியேறும் பதினாறு கண் மதகைப் பார்க்கவே வெள்ளக் காலத்தில் மக்கள் திரள்வர்.

அன்று தொடங்கி, காவிரியின் புதுப்புனல் வானத்திலிருந்து நேரே வருவதில்லை. மதகின் வழியே வருகிறது. டெல்டாவின் குறுவைக்கு ஜூன் 12ஆம் நாள் அணை திறப்பது மரபாயிற்று. நீர் இருந்தால் அன்று திறப்பார்கள். இல்லையேல் காத்திருக்க வேண்டும். 2017இல் அக்டோபர் 2ஆம் நாள் வரை காத்திருக்க நேர்ந்தது. பாசனத்துக்கு வழக்கம்போல் திறக்க இயலாத ஆண்டிலும், ஆடிப்பெருக்குக்காகவே சில நாள்கள் நீர் விட அரசு ஆணையிட்டதுண்டு. கோப்புகளோடு காலம் கழிக்கும் என் போன்ற எழுத்தருக்கு இதில் ஒரு தனிச் சுவை. ஆட்டனத்தியை இழுத்துச் சென்ற வெள்ளம் இன்று கையொப்பமும் தேதியும் பெற்றுத்தான் புறப்படுகிறது!

மேட்டூரில் ஆடிப்பெருக்கு எவ்வாறு நடக்கும் என்பதைச் சேலம், தருமபுரி மாவட்டத்து அன்பர்கள் அறிவர். விடியற்காலையில் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து சாமி சிலைகளையும் வேல், அரிவாள் முதலிய படைக்கலங்களையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து காவிரியில் நீராட்டுவர். புதுமணத் தம்பதியர் மணமாலைகளை ஆற்றில் விடுவர். அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடாவும் சேவலும் பலியாகும். பூங்காவின் மரநிழலில் அடுப்பு மூட்டிச் சமையல் நடக்கும். வாசலில் மீன் வறுக்கும் மணம் பேருந்து நிறுத்தம் வரை வரும். சீட்டு வாங்கிக்கொண்டு நுழையும் பூங்கா என்ற புதிய ஏற்பாட்டை நம் மக்கள் எடுத்துக்கொண்டு, அதற்குள் தம் பழைய விழாவையே நடத்திவிட்டார்கள். இதனைத் தூய்மைக் கேடு என்று முகம் சுளிப்பாரும் உளர். எச்சில் இலைகளை அப்படியே விட்டுச் செல்வதை நானும் ஏற்கவில்லை. எனினும் அடுப்பையே கூடாது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

இவையெல்லாம் அணைக்குக் கீழே. என் அம்மாயி அணைக்குக் கீழே வந்ததே இல்லை.

அவர் பிறந்த ஊர் அணைக்கு மேலே, இன்றைய பண்ணவாடிக்கு அருகில், நீருக்குள் இருக்கிறது. ஊரைக் காலி செய்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. கதவையும் நிலையையும் உத்தரத்தையும் கழற்றி வண்டியில் ஏற்றினார்களாம். திண்ணையை மட்டும் ஏற்ற முடியவில்லை. ஆடி பதினெட்டன்று எங்கள் வீட்டில் மற்றவர்கள் பூங்காவுக்குப் புறப்பட, அவர் காப்பரிசியும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் பண்ணவாடித் துறைக்குப் போவார். சிறுவனாக நான் ஒருமுறை உடன் சென்றேன். ஊஞ்சலும் சறுக்குமரமும் தவறிப்போன வருத்தம் எனக்கு. பரிசல்கள் கிடந்த கரையில் நின்று, "இங்க என்ன இருக்குது அம்மாயி, வெறும் தண்ணிதானே?" என்றேன். "தண்ணிக்கு அடியில பாரு கண்ணு, நம்ம ஊரு இருக்குது" என்றார். நான் குனிந்து பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

அணையின் நீர்மட்டம் மிகவும் இறங்கும்போது பண்ணவாடியில் பழைய ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி தலைகாட்டும். பழைய கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் எழும். நீர் விலக விலக உழவர்கள் அந்த வண்டல் நிலத்தில் கேழ்வரகும் சோளமும் நிலக்கடலையும் விதைத்துவிடுவர். நீர் ஏறுவதற்குள் அறுத்தால் ஊதியம், இல்லையேல் ஏரிக்குக் கொடை. கோடைதோறும் நந்தியைக் காணவென்றே மக்கள் கூடுவர். எந்தச் சுற்றுலாத் துறையும் அமைக்காத காட்சி இது. நந்திக்கு மஞ்சள் குங்குமம் இட்டு வழிபடுவோரும் உண்டு. அருகில் நின்று கைப்பேசியில் படம் எடுப்போரும் உண்டு. இரு திறத்தாரும் பல வேளைகளில் ஒருவரே.

2017 மே திங்களில், விடுமுறைப் பயணச் சலுகையில் தில்லியிலிருந்து குடும்பத்துடன் ஊருக்குச் சென்றிருந்தேன். நீர்மட்டம் முப்பது அடிக்கும் கீழே கிடந்தது. அம்மாயி மறைந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. பிள்ளைகளுக்குப் பூங்காவைக் காட்டிய பின் பண்ணவாடிக்கு அழைத்துச் சென்றேன். இரண்டு தலைமுறை படகு விட்ட இடத்தில் நடந்து போனோம். நந்தி முழு உருவோடு வெயிலில் அமர்ந்திருந்தது. வெடித்த சேற்றில் ஓட்டுச் சில்லுகள், அம்மிக் கல் ஒன்றின் பாதி, சுவர்களின் அடித்தளக் கோடுகள். எது எவர் வீடு என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. நானும் சொல்ல இயலவில்லை. என் மகள் ஒரு கல்மேட்டில் அமர்ந்து, "இது திண்ணையாப்பா?" என்றாள். இருக்கலாம் என்றேன். அவள் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் அமர்ந்தாள்.

நம் தலைநகர்க் குடியிருப்பில் ஆடி பதினெட்டு என்பது, ஒரு செம்புக் குழாய் நீருக்குக் குங்குமம் இட்டு வணங்கி, எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு அருகிலுள்ள பூங்காவுக்குச் செல்வதோடு நிறைவுறுகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடியைத் தொட்டது. பதினாறு கண் மதகில் நீர் பாயும் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டோம். வெள்ளம் மிகுந்ததால் காவிரிக் கரையில் பல இடங்களில் அந்த ஆடிப்பெருக்குக்கு நீராடத் தடை விதித்தனர். ஆட்டனத்தியை அறிந்தவர்கள் இதைக் குறை சொல்லமாட்டார்கள். மகள் மட்டும் திரையைப் பார்த்தபடி, நந்திக்கு மேல் இப்போது எத்தனை அடி நீர் என்று கேட்டாள். பல அடி இருக்கும் என்றேன்; திண்ணைக்கு மேல் எத்தனை என்று அவளே கணக்கிடத் தொடங்கினாள்.

விடுமுறைக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குப் போகலாம். ஏரி நிறைந்திருந்தால் கோயிலைக் காண முடியாது. ஆனால் துறையிலிருந்து எதிர்க்கரை நாகமரைக்குப் படகு உண்டு. மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். அந்தப் படகு செல்லும் வழியெல்லாம் ஊர்களின் மேலேதான்.