வேகனும் ‘ஜீப்’பும்: ஹெவ்லொக் டவுனின் குடும்ப வாகனம், 1950–2025

எஸ்டேட் கார் என்று கொழும்பில் ஒரு பெரியவரிடம் சொன்னால், தேயிலைத் தோட்டத்துத் துரை ஓட்டிய கார் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தப் பிழையில் பாதி உண்மை உண்டு. பிரித்தானியாவில் நாட்டுப்புறப் பெருநிலக்காரர், ரயில் நிலையத்திலிருந்து விருந்தாளிகளையும் பெட்டிகளையும் ஏற்றிவர மரத்தால் உடல் கட்டிய வண்டிகளை வைத்திருந்தனர். நிலத்தின் பெயர் வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர் ரயில் நிலையத்தை நினைத்து ‘ஸ்டேஷன் வேகன்’ என்றனர். அதில் பின்பாதி மட்டுமே இலங்கையில் நிலைத்தது: வேகன். காரின் உடலையே உயர்த்திச் செய்த வண்டியைக் குறிக்கும் கிரொஸ்ஓவர் என்ற புதுச்சொல்லுக்கு அவ்வளவு இடமும் கிடைக்கவில்லை. காரைவிடக் கொஞ்சம் உயர்ந்து நின்றால் எதுவும் இங்கே ‘ஜீப்’தான்.

கிரிக்கெட் பை, சைக்கிள், அறுகம்பைக்குக் கொண்டுபோகும் அலைச்சறுக்குப் பலகை என்று உடலுழைப்புள்ள பொழுதுபோக்குகளை வைத்திருக்கும் குடும்பத்துக்கு வேகன் ஏற்றதா, கிரொஸ்ஓவர் ஏற்றதா என்பது வாகன இதழ்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி. ஹெவ்லொக் பார்க்கில் ரக்பி ஆடும் பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் இறக்கிவிடும் ஹெவ்லொக் டவுன், கொழும்பு 5இன் பெற்றோரும் அதையேதான் கேட்கிறார்கள். ஆனால் இங்கே விடை வாங்குபவரின் விருப்பத்திலிருந்து வந்தது குறைவு. சுங்கத் தீர்வையும் பதிவுப் புத்தகத்திலுள்ள வகுப்பும் அதை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம். வேகன் ‘பாரம் ஏற்றும் வண்டி’ என்ற பெயரைச் சுமந்தது; கிரொஸ்ஓவரோ ஜீப்பின் அதிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டது.

மரச்சட்டத்திலிருந்து தடைக்காலம் வரை

1890 முதல் 1895 வரை ஆளுநராயிருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய ஹெவ்லொக் டவுன், வளவும் போர்ட்டிகோவும் கொண்ட வீடுகளாக வளர்ந்தது. போர்ட்டிகோவின் அடியில் நின்றவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்கள். 1948இல் வந்த மொரிஸ் மைனரின் வேகன் வடிவமான ‘ட்ரவலர்’ 1953இல் வெளியானது. அதன் பின்பாதியைத் தாங்கிய அஷ் மரச்சட்டம் அலங்காரமல்ல, உடலின் எலும்பே அதுதான். கடற்காற்று எட்டும் ஊரில் அந்த மரத்துக்கு வார்னிஷ் தவறினால் மூட்டுகள் உளுத்துப்போகும். தகரத்தை ஒட்டவைப்பதுபோல அதை ஒட்டவைக்க முடியாது, தச்சர் வேண்டும். ஐரோப்பியத் தரப்பில் பெஜோ 504இன் வேகன் வேறு வகை: நீண்ட உடல், மூன்றாம் வரிசை இருக்கை, முழுக் குடும்பமும் ஏறினாலும் தளராத பின்புறம்.

தேர்வு என்ற பேச்சே 1960களின் தொடக்கத்தில் அடங்கியது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970களில் தொழிலதிபர் உபாலி விஜேவர்தன இங்கேயே பொருத்திய உபாலி பியட்டும் உபாலி மஸ்டாவும் ஓரளவு ஆறுதல். இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவது அந்தத் தலைமுறையின் கைத்தொழிலானது. மொரிஸ் மைனரின் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பும் முயற்சி 1990களில் தோன்றியது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன்.

இரட்டைப் பயன்பாடு என்ற முத்திரை

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய ‘ரீகண்டிஷன்’ வாகனங்கள் வந்து குவிந்தன. வேகனின் பொற்காலம் இதுதான்; அதன் பெயர் கெட்டதும் இதே காலத்தில்தான். டொயோட்டா கொரொல்லாவின் ‘டீஎக்ஸ் வேகன்’, நிஸானின் ‘ஏடீ வேகன்’ ஆகியவை ஊரெங்கும் ஓடின. ஆனால் இங்கே வேகன் எனப்பட்டவற்றில் பல, ஜப்பானில் வேகனே அல்ல. அங்கே பயணிகள் வேகனுக்கு ஒரு பதிவு வகுப்பு, கடைக்காரர் சரக்கேற்றும் வானுக்கு வேறொரு வகுப்பு. பின்னதில் பின்னிருக்கைப் பகுதியைவிடச் சரக்குத் தளம் பெரிதாக இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே பின்னிருக்கை மெல்லியதாக, நிமிர்ந்ததாக, முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். ஒசாக்காவில் பெயின்ட் டப்பா சுமந்த வாகனத்தின் அந்தப் பலகை இருக்கையில் உட்கார்ந்துதான் நம்மவர் நுவரெலியாவுக்குப் போனார்கள். ‘வேகனில் முதுகு நோகும்’ என்ற பரவலான முறைப்பாட்டுக்கு வடிவமைப்பாளர் பொறுப்பல்ல. வேறொரு நாட்டின் விதி பொறுப்பு.

இலங்கையின் சட்டமும் அந்தக் கலப்பைத் தன் மொழியில் பதிந்துகொண்டது. ஆட்களையும் பொருட்களையும் சேர்த்து ஏற்றும் வாகனத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வைத்திருக்கும் வகுப்பு ‘இரட்டைப் பயன்பாட்டு வாகனம்’. 2000இல் ஆங்கில எழுத்துத் தகடுகள் வந்தபின் அந்த வகுப்புக்கு ‘பி’ எழுத்து. தகட்டைப் பார்த்தே இது காரா, சாமான் வண்டியா என்று வாசலில் நிற்பவர் சொல்லிவிடலாம். (தகட்டின் எழுத்துக்கு இந்நாட்டில் அரசியல் கனம் புதிதல்ல. 1957இல் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ கட்டாயமானபோது தமிழரசுக் கட்சி நடத்திய எதிர்ப்பை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.) சுவையான சான்று 1995இன் 16ஆம் இலக்க நிதிச் சட்டம். சொகுசு வாகனம், அரைச்சொகுசு வாகனம் என்று வரிவிதித்தபின், ‘அரைச்சொகுசு இரட்டைப் பயன்பாட்டு வாகனம்’ என்று மூன்றாவது ஒன்றையும் அது சேர்த்தது. சொகுசும் மூட்டையும் ஒரே கூரையின்கீழ் இருப்பதை எப்படி அழைப்பது என்று தெரியாத அரசின் திணறல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஜப்பானிய வேகன்கள் குவிந்த அதே காலத்தில், தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையில், வெள்ளவத்தையிலும் ஹெவ்லொக் வீதியை ஒட்டிய ஒழுங்கைகளிலும் தமிழர் வீடுகளோடு அவர்களது வாகனங்களும் எரிந்தன. எஞ்சியவர்களுக்குப் பல ஆண்டுகள் கார் வாங்குவது முன்னுரிமையாக இருக்கவில்லை.

அவர்களுக்கு வேகனின் பயன் முழுமையாக விளங்கியது ஏ9 வீதியில். போரால் மூடப்பட்டிருந்த அவ்வீதி 2002 ஏப்ரலில் திறந்தபோது, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணம் போகக் குடும்பங்கள் கிளம்பின. போகும்போது உடுப்பும் மருந்தும். திரும்பும்போது ஒடியல், பனங்கிழங்கு, முருங்கைக்காய், கறுத்தக்கொழும்பான் மாம்பழம். ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் சாமான்களை இறக்கி, சோதனை முடிந்து மறுபடி ஏற்றவேண்டும். அந்த வேலைக்குத் தாழ்ந்த விளிம்புள்ள நீண்ட டிக்கியைப் போல உதவுவது வேறில்லை. 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்து நிலையாகத் திறந்தபோது வாகனச் சந்தையின் முகம் மாறத் தொடங்கியிருந்தது.

ஜீப்பின் நிழல்

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகம் 1944இல் கண்டிக்கு வந்த காலத்து இராணுவ வண்டிதான் ஜீப் என்ற பெயரை நாட்டில் ஊன்றியது. பின்னர் தோட்டத்து லான்ட் ரோவர், திட்டப் பொறியியலாளரின் வாகனம், 1990களில் அரசியல்வாதியின் பஜெரோ. உயரமான வண்டியில் வருபவர் ஏதோ ஒரு கட்டளையோடு வருகிறார் என்ற எண்ணம் மூன்று தலைமுறைகளில் இறுகிவிட்டது.

1994இல் டொயோட்டா ராவ்4உம் 1995இல் ஹொண்டா சீஆர்-வீயும் வந்தபோது அவற்றின் அடியில் இருந்தது ஜீப்பின் சட்டமல்ல, காரின் உடல். சுபாருவின் அவுட்பேக் இன்னும் நேர்மையானது: தன் லெகசி வேகனையே உயர்த்தி வேறு பெயரில் விற்றது. பொறியியல் கண்ணால் பார்த்தால் கிரொஸ்ஓவர் என்பது நிமிர்ந்து நிற்கும் வேகன். கொழும்பு வாங்குபவர் அப்படிப் பார்க்கவில்லை. அவருக்கு அது வாங்கக்கூடிய விலையில் ஒரு ஜீப்.

பெருமையை மட்டும் காரணம் காட்டுவதும் நியாயமல்ல. 1992 ஜூன் 4இல் ஒரே நாளில் ஏறத்தாழ 494 மில்லிமீற்றர் மழை கண்ட நகரம் இது. கிருலப்பனை வாய்க்கால் பக்கம் நீர் ஏறும்போது அடித்தளம் தரையிலிருந்து நாலு விரல் கூடுதலாக இருப்பதன் அருமை தெரியும். முழங்கால் மடக்க முடியாத பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துச் செல்பவருக்கு இருக்கையின் உயரம்தான் முதல் கணக்கு. வேகனில் அவர் கீழே விழுவதுபோல உட்காரவேண்டும், கிரொஸ்ஓவரில் பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். எதிர்க்கணக்கும் உண்டு. சைக்கிளையும் கிரிக்கெட் பையையும் இடுப்புக்கு மேல் தூக்கி ஏற்றவேண்டும். உயர்ந்த உடல் வளைவுகளில் சாயும்; ஹட்டன் பாதையில் பின்னிருக்கைப் பிள்ளைகளின் வயிறு அதைச் சொல்லும். ‘ஸ்போர்ட்டி’ என்று விளம்பரம் சொல்வது பெரும்பாலும் கூரையின் சரிவைத்தான். ஓட்டத்தில் விளையாட்டுத்தனம் வேண்டுமென்றால் தாழ்ந்த வேகனே மேல் என்பது என் தீர்ப்பு.

2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த ஹொண்டா வெசல் இந்த வழக்கைக் கொழும்பில் முடித்துவைத்தது. 4.3 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளம், 1.5 லீற்றர் ஹைபிரிட் எஞ்சின். ஹைபிரிட்டுக்கு அப்போது இருந்த வரிச்சலுகை விலையைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தது. சிறிய ஹொண்டா ஃபிட்டின் அடிப்படையில் செய்ததால் பெற்றோல் தாங்கி முன்னிருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. பின்னிருக்கையின் மெத்தையை மேலே மடித்தால் உயரமான பொருளை நிமிர்த்தி வைக்கலாம். பெரும்பாலான வேகன்களிடம் இல்லாத வித்தை அது. இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியின் மென்பொருளுக்காக 2014இல் ஜப்பானில் பலமுறை மீளழைக்கப்பட்டும் அதன் மவுசு குறையவில்லை.

2017 நவம்பரில் முன்வைத்த வரவுசெலவுத் திட்டம் உற்பத்தி வரியை எஞ்சின் கொள்ளளவோடு கட்டியதும் கணக்கு இன்னும் இறுகியது. ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்கும் பணம் கட்டவேண்டுமென்றால், சிறு டர்போ எஞ்சினின் மேல் உயரமான உடலைப் பொருத்திய வாகனமே வெல்லும். பழைய 2 லீற்றர் டீசல் வேகனுக்கு அங்கே இடமில்லை.

2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஐந்து ஆண்டுகள் புதிய வாகனம் எதுவும் வராதபோது, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாகம் கிடைக்கும் வேகன்களுக்கு மறுபடி மதிப்பு ஏறியது. 2022இல் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிட்டபோது தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர். ஹைபிரிட் வெசலுக்கும் தாகம் மிகுந்த பழைய காருக்கும் அதே 20. எது பொருத்தம் என்ற கேள்வி அந்த மாதங்களில் பின்னிருக்கையின் வசதியை விட்டு, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதற்கு இறங்கியது.

2025 பெப்ரவரி 1இல் தனியார் வாகன இறக்குமதித் தடை நீங்கியது. பேச்சில் முன்னால் நின்றவற்றுள் ஒன்று டொயோட்டா ரைஸ்: 996 கன சென்ரிமீற்றர், மூன்று சிலிண்டர், நீளம் 3,995 மில்லிமீற்றர். பழைய வெள்ளவத்தை நெசவாலை நிலத்தில் எழுந்த ஹெவ்லொக் சிற்றியைப் போன்ற அடுக்குமாடிகளின் தரிப்பிடத்துக்கு அந்த நீளம் கச்சிதம். ஏறத்தாழ 4.4 மீற்றர் நீளமான கொரொல்லா ஃபீல்டர் வேகனோடு ஒப்பிட்டால் 40 சென்ரிமீற்றர் குறைவு. அந்தக் குறைவில் பெரும்பங்கு டிக்கியிலிருந்துதான் போயிருக்கிறது. பனங்கிழங்குக் கட்டும் கிரிக்கெட் பையும் சேர்ந்து வரவேண்டுமென்றால் பின்னிருக்கையில் ஒரு பாதியை மடக்கவேண்டும், அங்கே உட்கார இருந்தவர் ரயிலில் வரவேண்டும்.