ஆலைச் சுவருக்கு உள்ளே ஒரு வாயு, வெளியே வேறு வாயுவா?

பல காலம் மூடிக் கிடந்த கிணற்றில் தூர் வார இறங்கும் முன், எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்ப்பக்கம் உண்டு. விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. கம்பத்திலும் கூடலூரிலும் தோட்டக் கிணறுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் பாடப்புத்தகம் சொல்லித் தரவில்லை. கிணற்றில் இறங்கிப் பிழைத்தவர்கள் கண்டுவைத்த முறை அது. மனிதரை இறக்கும் முன் வேறொன்றை இறக்கிப் பார். இன்று ரசாயன ஆலைகளிலும் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களிலும் கோடிக்கணக்கில் செலவு செய்து பொருத்துகிற தீ, வாயு எச்சரிக்கைக் கருவிகள் எல்லாம் இந்த ஒரே விதியின் மேல்தான் நிற்கின்றன. இந்த விதி யாருடைய உயிருக்குப் பொருந்தியது, யாருடைய உயிர் வந்தபோது மறந்து போனது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இருந்து தொடங்கலாம். 1812 மே 25 அன்று ஃபெல்லிங் என்ற ஊரின் சுரங்கம் மீத்தேன் வாயுவில் தீப்பிடித்து வெடித்ததில் 92 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் இருந்தார்கள். அந்தச் சாவுகள் கிளப்பிய கொந்தளிப்பில்தான் 1815-இல் ஹம்ப்ரி டேவி கம்பி வலை போர்த்திய பாதுகாப்பு விளக்கைச் செய்தார். ஜார்ஜ் ஸ்டீபன்சனும் அதே காலத்தில் தனியாக ஒன்று செய்தார். அந்த விளக்கின் சுடர் நீண்டு நீல நிறம் காட்டினால் மீத்தேன் இருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சம் தரும் பொருளே வாயுவைக் காட்டும் கருவியாகவும் ஆனது. ஆனால் விளக்கு வந்ததும் சாவு குறைந்துவிடவில்லை. அதுவரை ஆபத்து என்று விட்டுவைத்த ஆழமான அடுக்குகளுக்கும், 'இப்போதுதான் விளக்கு இருக்கிறதே' என்று சொல்லி முதலாளிகள் ஆட்களை இறக்கினார்கள். பாதுகாப்புக் கருவியே ஆபத்துக்கான அனுமதிச் சீட்டாக மாறும் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில், நம் காலத்தில், இது மறுபடியும் வரும்.

நூற்றாண்டின் இறுதியில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கச் சிறு பறவைகளையும் எலிகளையும் சுரங்கத்துக்குள் கொண்டுபோகச் சொன்னார். மனிதர் மயங்குவதற்குள் கானரிக் குருவி மயங்கி விழும். பிரிட்டன் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்ததே 1986-இல்தான். இடையில் 1926-27 வாக்கில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் வேலை செய்த ஆலிவர் ஜான்சன், எண்ணெய்த் தொட்டிகளில் எரிவாயு சேர்ந்திருக்கிறதா என்று அளக்கும் மின்கருவியைச் செய்தார. சூடேறிய பிளாட்டினக் கம்பியின் மேல் வாயு பட்டு எரியும்போது கம்பியின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தை முள் காட்டுகிறது. எண்ணெயும் கப்பலும் வெடித்துச் சிதறினால் நட்டம் யாருக்கு? கம்பெனிக்கு. ஆகவே பணம் வந்தது, கருவியும் வந்தது.

இந்தியாவுக்கு வருவோம். 1943 டிசம்பரில் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினர் ஒருவர் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தானே இறங்கிப் பார்த்தார். அவர் டாக்டர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்த அவரை நம் பாடநூல்கள் அரசியல் சட்டத்தோடு நிறுத்திவிடுகின்றன. வேலை நேரம், சுரங்கத் தொழிலாளர் நலம், பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்குவது என்று அவர் கை வைத்த விஷயங்கள் பல. அவர் அந்தத் துறையை விட்டு இரண்டு ஆண்டு கழித்து 1948-இல் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. அதை அவரே எழுதினார் என்று நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவைத் தேடிப் படித்தால் போதும்.

அது சொன்னது இதுதான். ஆலையில் விஷவாயு இருக்கக்கூடிய அறை, தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் ஆள் நுழையக் கூடாது. முதலில் வாயுவை வெளியேற்ற முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டும். பிறகு தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பு வாரில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். விளக்கு இறக்கிப் பார்க்கும் அதே விதி, சட்ட மொழியில். 1948-இலேயே.

அப்படியானால் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ ஒரு வீட்டின் பின்புறம் இருக்கிற செப்டிக் டேங்க்? அது தொழிற்சாலை இல்லை. தெருவில் இருக்கும் பாதாள சாக்கடை மேன்ஹோல்? அதுவும் தொழிற்சாலை இல்லை. ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஆலைச் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாது. சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 1993 சட்டம்கூட உலர் கழிப்பறைகளோடு நின்றுகொண்டது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்குவது சட்டத்தின் கண்ணில் பட்டது 2013-இல். இடையில் 65 ஆண்டுகள்.

இந்த 65 ஆண்டுகள் ஏன் என்பதற்கு, உள்ளே இறங்கியவர்கள் யார் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை. நம் பள்ளத்தாக்கில் இந்த வேலையை அருந்ததியர் மேல் சுமத்தியிருக்கிறார்கள் என்பதற்கு யாரும் நமக்குப் புள்ளிவிவரம் காட்ட வேண்டியதில்லை. காட்டினாலும் அதையேதான் காட்டும். ஒன்றிய அரசு 2024 வரை கணக்கெடுத்த சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் 100-க்கு 69 பேர் பட்டியல் சாதியினர். 1993 முதல் பதிவான மலக்குழி மரணங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு என்று நாடாளுமன்றத்தில் அரசே சொல்லியிருக்கிறது. சமூக நீதி மண் என்று பெருமை பேசும்போது இந்த முதலிடத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

சுவருக்கு உள்ளே மட்டும் எல்லாம் ஒழுங்கு என்றும் நினைத்துவிட வேண்டாம். யூனியன் கார்பைடு நிறுவனம் மேற்கு வர்ஜீனியாவில் வைத்திருந்த ஆலையில் கணினிக் கண்காணிப்பு இருந்தது. போபால் ஆலையில் கசிவைக் கண்டுபிடித்த கருவி தொழிலாளர்களின் கண். எரிச்சல் எடுத்தால் கசிவு. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு அப்படித்தான் தெரிந்தது. சுமார் 40 டன் வாயு வெளியேறிக்கொண்டிருக்க, ஊருக்கான சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. ஆலைச் சுவரை ஒட்டிய குடிசைகளில் இருந்த ஏழைகள் தூக்கத்திலேயே அதைச் சுவாசித்தார்கள். அந்தப் பிணங்களின் மேல்தான் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான ஆலைகள் சுற்றி வாழும் மக்களுக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்ற பிரிவு வந்தது. சொன்னார்களா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கோரமண்டல் நிறுவனத்தின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மீனவ மக்களை எழுப்பியது நெடி. கைக்குழந்தைகளோடு தெருவுக்கு ஓடினார்கள். 39 ஆண்டு கழித்தும் ஊர்ப்பக்கத்துக் கருவி மூக்குதான்.

அந்த மூக்கும் மலக்குழியில் உதவாது. இதை மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஊரில் நாலு பேருக்குச் சொல்லவும் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று ஒருவர் நினைக்கும் நொடிதான் மிக மோசமான நொடி. 700, 1000 பங்கு என்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். விளக்கும் இங்கே ஏமாற்றும். ஆக்சிஜன் குறைந்தால் அது அணையும், ஆனால் ஆளைக் கொல்லப் போதுமான ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் எரிந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு அங்கே மீத்தேனும் இருந்தால் விளக்கே வெடிக்கு வத்தி வைக்கும். இன்னொன்று: இந்த வாயு கசடுக்குள் அடைபட்டுக் கிடக்கும். மூடியைத் திறந்து வாயில் அளந்தால் ஒன்றும் காட்டாது. உள்ளே இறங்கிக் கசடைக் கிளறியதும் குமிழியிட்டுக் கிளம்பும். ஆகவே ஒருமுறை சோதிப்பது சோதனையே இல்லை. மேலே, நடுவே, அடியில் என்று குழாய் விட்டு அளக்க வேண்டும், வேலை முடியும்வரை அளந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று இருப்பதுதான் நான்கு வாயுக் கருவி. ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் ஒரே நேரத்தில் பார்த்து, பின்னது பத்து லட்சத்தில் 10 பங்கைத் தொட்டதும் அலறும். உள்ளங்கையில் அடங்கும்.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர். 2022 ஏப்ரலில் நமக்குப் பக்கத்தில், மதுரை நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று பேர். ஒருவர் விழுவார், காப்பாற்ற இறங்குபவர் விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மறுநாள் பத்திரிகையில் 'விஷவாயு தாக்கி பலி' என்று வரும். இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். தாக்கியது வாயு. இறக்கியவர் யார், சோதிக்காதவர் யார், ஒப்பந்தம் எடுத்தவர் யார் என்று எவருக்கும் அதில் இடமில்லை.

2013 சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இறங்குபவருக்கு என்னென்ன தர வேண்டும் என்று நீண்ட பட்டியல் தருகின்றன. அதில் நான்கு வாயுக் கருவியும் உண்டு. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அவசரம் என்றாலும் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் சாக்கடையில் இறக்குவது குற்றமாக்கப்பட வேண்டும் என்றும், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றும் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நல்லது. ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது தடை செய்வது 'ஆபத்தான முறையில் சுத்தம் செய்வதை'. கருவியும் கவசமும் கொடுத்துவிட்டால் அது ஆபத்தான முறை ஆகாது. டேவி விளக்கின் கதை இப்போது புரிகிறதா? கருவி வாங்கிவிட்டோம், இனி இறங்கு என்று சொல்ல வழி இருக்கிறது. நாம் கேட்பது மனிதர் இறங்காத முறை. கருவி, இயந்திரம் கொண்டு உறிஞ்சும்போது மேலே நிற்பவரைக் காக்கட்டும். கீழே இறங்க அது அனுமதி ஆகக் கூடாது.

ஆலைகளில் இப்போது கருவிகள் தனித்தனியாக இருப்பதில்லை. ஒரு மூலையில் வாயு தெரிந்தால் கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரியும், வால்வு தானே மூடும், பம்பு நிற்கும், சைரன் ஒலிக்கும். தொழிலாளி சட்டையில் மாட்டிய கருவி, அவர் சிறிது நேரம் அசையாமல் கிடந்தால் எங்கே கிடக்கிறார் என்று செல்போன் கோபுரம் வழியாகச் செய்தி அனுப்பும். தூய்மைப் பணியாளரையும் இப்படி இணைக்க முடியாதா என்றால், இணைத்திருக்கிறார்கள்! நாக்பூரிலும் சண்டிகரிலும் அவர்கள் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். வாயு அளக்க அல்ல. வேலை நேரத்தில் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று பார்க்க. மூச்சு நின்றால் தெரியாது, நடை நின்றால் தெரியும். சம்பளம் பிடிக்கவும் வசதி.

கருவி வாங்கியதாகக் கணக்கு எழுதுவது எளிது. ஆனால் அதன் உணரிகள் இரண்டு மூன்று ஆண்டில் தேய்ந்துபோகும். அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அவ்வப்போது சரிபார்க்காவிட்டால், பெட்டி உயிரோடு இருப்பது போலத் திரை ஒளிரும், வாயுவைக் காட்டாது. ஆகவே 'இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் 'இருக்கிறது' என்று பதில் வரும். தேனி மாவட்டத்து மாணவர்கள் அவரவர் நகராட்சியின், பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். நான்கு வாயுக் கருவிகள் எத்தனை, எந்த ஆண்டு வாங்கியவை, உணரி கடைசியாக மாற்றிய தேதி, சரிபார்த்த தேதி, சரிபார்த்தவர் பதவி, கருவி யார் பொறுப்பில் எந்த இடத்தில் இருக்கிறது, ஒப்பந்த நிறுவனத்தின் பணியாளர்களுக்கு அது கொடுக்கப்பட்ட பதிவேட்டின் நகல். தனியார் கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கொடுக்கும்போது இதே கருவி அவர்களிடம் இருக்கிறதா என்று பார்த்த ஆவணத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். தேதிகளைக் கேட்க மறக்காதீர்கள்.