ஆழ்குளிர்வில் இரத்த ஓட்ட நிறுத்தம்

ஆழ்குளிர்வில் இரத்த ஓட்ட நிறுத்தம் என்பது நோயாளியின் உடல் வெப்பத்தை 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இறக்கி, இதயத்தையும் அதற்கு மாற்றாக ஓடும் இதய-நுரையீரல் இயந்திரத்தையும் சேர்த்தே நிறுத்திவிட்டுச் செய்யும் அறுவை முறை. அந்த நேரத்தில் நாடி கிடையாது, மூச்சு கிடையாது. மூளையின் மின்பதிவில் கோடு நேராக ஓடும். ஆபரேஷன் தியேட்டரில் இதை 'டிஎச்சிஏ' என்றே சொல்கிறார்கள். மார்கழி விடியலில் பெங்களூர்க் காற்று எவ்வளவு குளிருமோ, ஏறக்குறைய அந்த அளவுக்கு ஒரு மனித உடல் குளிர்ந்து கிடக்கும்.

வழக்கமான 37 டிகிரியில் இரத்தம் நின்றால் மூளை நான்கைந்து நிமிடம்தான் தாங்கும். வெப்பம் ஒரு டிகிரி குறைய, மூளையின் ஆக்சிஜன் தேவை 6 முதல் 7 விழுக்காடு குறைகிறது. 18 டிகிரிக்கு வந்துவிட்டால் 20 முதல் 30 நிமிடம் வரை பெரும்பாலும் பாதகமில்லை. 40 நிமிடத்தைத் தாண்டினால் பக்கவாதம், வலிப்பு, நினைவுக் குறைவு ஆகியவற்றின் ஆபத்து வேகமாக ஏறும்.

குளிரைக் கருவியாக்கலாம் என்று காட்டியவர் டொராண்டோவின் வில்ஃப்ரெட் பிகலோ. 1950-இல் நாய்களிடம் செய்த சோதனைகளை வெளியிட்டார். (குளிர்காலம் முழுதும் வளைக்குள் உறங்கும் பிராணிகளைப் பிடித்துவைத்து, உறக்கத்தின் ரகசியப் பொருளையும் பல ஆண்டு தேடினார். அது சிக்கவில்லை.) 1952 செப்டம்பர் 2 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமியை 28 டிகிரிக்குக் குளிர்வித்து, இதயத்துக்குள் வரும் இரத்தத்தை ஐந்தரை நிமிடம் தடுத்து, இதயச் சுவரின் ஓட்டையைத் தைத்தார். இயந்திரத்தின் துணையோடு இன்னும் ஆழமாகக் குளிர்விக்கும் முறையை 1959-இல் லண்டனின் சார்லஸ் ட்ரூ எழுதினார். 1975-இல் ராண்டல் கிரீப் பெருந்தமனி வளைவை மாற்ற இதைப் பயன்படுத்தி வெளியிட்ட பிறகே முறை எங்கும் பரவியது. இந்தியாவில் இதற்கான அடித்தளம் இதய-நுரையீரல் இயந்திரத்தோடு வந்தது. 1960-களின் தொடக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். கோபிநாத் செய்த திறந்த இதய அறுவைகள் அவ்வகையில் முன்னோடிகள்.

பெங்களூரில் இம்முறையைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம் ஓசூர் சாலையில் பொம்மசந்திராவிலுள்ள நாராயணா இதய மருத்துவமனை. டாக்டர் தேவி ஷெட்டி 2001-இல் நிறுவிய இம்மருத்துவமனை, நுரையீரல் தமனி உள்ளுறை அகற்றும் அறுவையை நாட்டிலேயே அதிகம் செய்யும் மையங்களுள் ஒன்று. இந்த அறுவை தேவைப்படும் நோயில், காலிலோ இடுப்பிலோ உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறி, கரையாமல் தங்கி, நாளடைவில் தழும்பாக இறுகிவிடுகிறது. நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடி, இதயத்தின் வலப்பக்கம் தளர்கிறது. தழும்பான பிறகு மருந்தால் கரைக்க முடியாது. உரித்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்படி உரிக்கும்போது பெரிய தொல்லை இரத்தம்தான். நுரையீரலுக்கு மூச்சுக்குழாய்த் தமனிகள் வழியாகவும் இரத்தம் வருவதால், இதயத்தை மட்டும் நிறுத்தினால் போதாது. வெட்டிய இடத்தில் ஊறிக்கொண்டே இருக்கும். இரண்டொரு மில்லிமீட்டர் குழாயின் சுவரில் சரியான படலத்தைப் பிரிக்க வேண்டிய மருத்துவருக்குச் சொட்டு இரத்தமும் திரைதான். ஆகவே தலையைச் சுற்றி ஐஸ் வைத்து, இயந்திரத்தின் வழியாக இரத்தத்தை ஒரு மணி நேரம்போலக் குளிர்வித்து, 20 டிகிரியை எட்டியதும் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். பம்பை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் நிமிடங்களைச் சத்தமாக எண்ணிச் சொல்வார். ஒரு பக்க நுரையீரலுக்கு ஒரு தடவையில் 20 நிமிடம். முடிந்ததோ இல்லையோ, பம்ப் மீண்டும் ஓடும். பத்து நிமிடம்போல மூளை இரத்தம் குடித்த பிறகே அடுத்த நிறுத்தம். வெளியே எடுத்ததைத் துணியில் பரப்பினால் கிளைகளோடு பிடுங்கிய வேர் மாதிரி, நுரையீரல் தமனியின் அச்சாகக் கிடக்கும்.

குளிர்விப்பதை விடத் திரும்பச் சூடாக்குவதில்தான் கவனம் அதிகம் வேண்டும் என்பேன். ஐஸில் வைத்த சோடாவில் வாயு அடங்கிக் கிடக்கும், சூடேறினால் பொங்கும். குளிர்ந்த இரத்தமும் அப்படியே. அதனால் இரத்தத்துக்கும் உடலுக்கும் இடையே 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு வராமல் மெல்ல ஏற்றுகிறார்கள். மூளைக்குப் போகும் இரத்தம் 37 டிகிரியைத் தாண்டவே கூடாது. குளிரில் உறையும் தன்மை கெடுவதால் இரத்தக்கசிவும், சில நாள் சிறுநீரகக் குறைபாடும் வரலாம்.

குழந்தைகளிடம் இம்முறை முன்பு தாராளமாகக் கையாளப்பட்டது. நான்கு கிலோகூட இல்லாத உடலில் குழாய்கள் இல்லாத களம் பெரிய வசதி. ஆனால் பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளை வைத்து பாஸ்டனில் 1988 முதல் 1992 வரை நடந்த ஆய்வில், ஓட்டத்தை முழுதும் நிறுத்தியவர்களிடம் வலிப்பும் ஒரு வயதில் அசைவுத் திறன் குறைவும் கூடுதலாகத் தெரிந்தன. அதன் பிறகு குறைந்த வேகத்திலாவது இரத்தத்தை ஓடவிடுவதே வழக்கமாயிற்று. பெருந்தமனி வளைவு அறுவையிலும் மிதமான குளிரில் மூளைக்கு மட்டும் தனியே இரத்தம் செலுத்தும் முறை இடம் பிடித்துவிட்டது.

நுரையீரல் அறுவையில் மட்டும் பழைய முறை அசையவில்லை. இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனை 74 நோயாளிகளிடம் முழு நிறுத்தத்தையும் மூளைக்குத் தனி ஓட்டம் தருவதையும் ஒப்பிட்டு 2011-இல் வெளியிட்டது: மூளைத்திறனில் வேறுபாடு இல்லை. தனி ஓட்டம் தர முயன்றவர்களுள் ஒன்பது பேருக்கு, களம் தெளிவாக இல்லாததால் நடுவே முழு நிறுத்தத்துக்கே மாற வேண்டியிருந்தது.

இரத்தக்கட்டி நுரையீரலில் தழும்பாகும் இந்நோய் ஆஸ்துமா என்றும் இரத்தசோகை என்றும் பெயர் வாங்கி வருடக்கணக்கில் மறைந்திருப்பதுண்டு. இரத்தக்கட்டி வந்து மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் மாடிப்படி ஏற மூச்சு வாங்கினால், நுரையீரலின் காற்றோட்டத்தையும் இரத்த ஓட்டத்தையும் ஒப்பிடும் 'வி-க்யூ ஸ்கேன்' தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.