சாம்பல் ஆண்டும் தாது ஆண்டும்

ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள கியோமிசு ஆலயத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி நடைபெறுகிறது. ஆலயத்தின் தலைமைத் துறவி பெரிய தூரிகையை மையில் தோய்த்து, அகன்ற தாளில் ஒரே ஓர் எழுத்தை எழுதுகிறார். முடியப்போகும் ஆண்டைக் குறிப்பதற்குப் பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்த எழுத்து அது. இவ்வழக்கம் தொடங்கிய 1995இல் ‘அதிர்வு’ எனப் பொருள்படும் எழுத்து எழுதப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் கோபே நகரை நிலநடுக்கம் சிதைத்திருந்தது. ஜெர்மானியர் 1971இல் முதன்முறையாகவும், 1977 முதல் ஆண்டுதோறும் ‘ஆண்டின் சொல்’லைத் தேர்ந்து வருகின்றனர். அமெரிக்க மொழியறிஞர்கள் 1990இல் இதைத் தொடங்கினர். இந்தி மொழிக்கு ஆக்ஸ்போர்டு அகராதியார் 2017இல் தேர்ந்த சொல் ‘ஆதார்’.

இத்தேர்வுகளில் ஒன்று சிந்தனைக்குரியது. கொள்ளைநோய் உலகை முடக்கிய 2020ஆம் ஆண்டுக்கு, இங்கிலாந்தின் காலின்ஸ் அகராதியார் ‘லாக்டவுன்’ என்ற சொல்லைத் தேர்ந்தனர். அதே ஆண்டுக்கு இந்தியில் தேர்ந்தெடுக்கப்பட்ட சொல் ‘ஆத்மநிர்பர்தா’, அதாவது தற்சார்பு. பிரதமர் தம் உரையில் முழங்கிய சொல் அது. மூட்டை முடிச்சுகளுடன் நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்த கூலித்தொழிலாளியிடம் கேட்டிருந்தால், அவர் வேறொரு சொல்லைக் கூறியிருப்பார். ஓர் ஆண்டுக்கு என்ன பெயர் என்பதோடு, அப்பெயரை யார் இட்டார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

ஆண்டுக்குப் பெயரிடும் வழக்கம் அகராதியார் கண்டுபிடித்ததன்று. இஸ்லாத்திற்கு முந்தைய அரபியர் தொடர் எண் கொண்ட ஆண்டுக்கணக்கைப் பயன்படுத்தவில்லை. மறக்கவியலாத நிகழ்ச்சியைக் கொண்டே காலத்தைக் கணித்தனர். அப்ரஹாவின் படை யானையுடன் மக்காவை நோக்கி வந்து அழிந்த ஆண்டு ‘ஆமுல் ஃபீல்’, யானை ஆண்டு ஆயிற்று. நபி (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டும் அதுவே என்பது பரவலான கருத்து. அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டை வரலாற்று நூல்கள் ‘ஆமுல் ஹுஸ்ன்’, துயர ஆண்டு என்றழைக்கின்றன. ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் கழிந்த பத்து ஆண்டுகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் வழங்கியதாக அறிஞர் அல்பிரூனி பதிவு செய்துள்ளார். முதலாம் ஆண்டு ‘அனுமதி’. அகழ்ப்போரின் ஐந்தாம் ஆண்டு ‘நடுக்கம்’. பத்தாம் ஆண்டு ‘விடைபெறல்’. பத்து ஆண்டு வரலாறு பத்துச் சொற்களில் அடங்கிவிட்டது.

பெயர்களுக்குப் பதிலாக எண்களைக் கொண்டுவந்தவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். ஆட்சி விரிந்து, மடல்கள் நெடுந்தொலைவு பயணப்பட்ட காலம் அது. தமக்கு வரும் மடல்களில் தேதி இல்லாமையால் எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியவில்லை என ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் முறையிட்டார்கள். தோழர்கள் கூடி ஆலோசித்தனர். நபிகளாரின் பிறப்பு, நபித்துவம், மறைவு ஆகியவை பேசப்பட்டு, இறுதியில் ஹிஜ்ரத் தொடக்கமாகக் கொள்ளப்பட்டது. இது ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது.

இனி ஆண்டுகளுக்குப் பெயர் தேவையில்லை, எண்ணே போதும் என்றுதான் எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அடுத்த ஆண்டே மக்கள் அந்த ஆண்டுக்குப் பெயரிட்டுவிட்டனர். மழை பொய்த்து, ஹிஜாஸ் நிலம் காய்ந்து, காற்றில் மண் சாம்பலைப் போலப் பறந்தது. கால்நடைகள் மடிந்தன. பாலைவனக் குடிகள் உணவு தேடி மதீனாவின் எல்லையில் வந்து குவிந்தனர். ஹிஜ்ரி 18, கி.பி. 639, ‘ஆமுர் ரமாதா’ ஆனது. அதன் பொருள் சாம்பல் ஆண்டு.

அந்த ஆண்டில் உமர் (ரலி) அவர்கள் நடந்துகொண்ட விதத்தை வரலாற்றாசிரியர்கள் விரித்துரைக்கின்றனர். மக்கள் அனைவருக்கும் கிடைக்கும்வரை தாம் நெய்யையும் பாலையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று உறுதிபூண்டார்கள். எண்ணெயையே உண்டுவந்ததால் அவர்களின் மேனி கறுத்தது. மக்களைத் தீண்டும் துன்பம் தம்மைத் தீண்டாவிட்டால் அவர்களைப் பற்றிய அக்கறை தமக்கு எப்படி வரும் என்று கேட்டதாக நூல்கள் கூறுகின்றன. ஸகாத் வசூலைத் தள்ளிவைத்தார்கள். பசியால் திருடியவனுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்தார்கள். மாகாணங்களுக்கு மடல் எழுதி உதவி கோரினார்கள். சிரியாவிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் கொண்டுவந்த நாலாயிரம் ஒட்டகச் சுமை உணவே முதலில் வந்து சேர்ந்ததாகத் தபரீ குறிப்பிடுகிறார்.

எகிப்திலிருந்தும் தானியம் வந்தது. தரைவழி நெடியது என்பதால், நைல் நதியைச் செங்கடலுடன் இணைத்து, காலப்போக்கில் தூர்ந்துபோயிருந்த பழைய கால்வாயை ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மீண்டும் வெட்டச் செய்தார்கள். அதற்கு ‘அமீருல் முஃமினீன் கால்வாய்’ என்ற பெயர் வழங்கிற்று. தானியக் கப்பல்கள் அவ்வழியே மதீனாவின் துறைமுகத்தை அடைந்தன. இங்கே ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. கால்வாய் வெட்டும் உழைப்பு எகிப்தியர் மீது சுமத்தப்பட்டதென்று அந்நாட்டுக் கிறித்தவ ஆயர் நிகியூ யோவான் தம் வரலாற்று நூலில் குறைபட்டுள்ளார். ஓரிடத்துப் பசியைத் தீர்க்க வேறோரிடத்தார் மண் சுமந்தனர். அவர்களின் முறையீடும் வரலாற்றின் பகுதியே.

இத்தகைய ஓர் ஆண்டும் அதனோடு ஒரு கால்வாயும் நம் சென்னைக்கும் உண்டு.

தமிழ் வழக்கில் ஆண்டுகளுக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் உள்ளன. அவை சுழற்சியில் வருவன. எந்த நிகழ்ச்சிக்காகவும் இடப்பட்டவை அல்ல. பத்தாவது பெயர் தாது. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அப்பெயரில் துயரம் ஏதுமில்லை. ஆயினும் ‘தாது வருஷம்’ என்றால் நம் முன்னோர்க்கு ஒரே பொருள்தான்: 1876 ஏப்ரலில் பிறந்த அந்தத் தாது, அதில் மூண்ட பெரும் பஞ்சம். பஞ்சம் அடுத்து வந்த ஈசுவர ஆண்டிலும் நீடித்து 1878 வரை மக்களை வாட்டியது. இருந்தும் பெயர் தாதுவுக்கே நிலைத்தது. பின்னர் 1936இலும் 1996இலும் தாது மீண்டும் வந்தது. அவற்றை யாரும் நினைவில் வைக்கவில்லை. பஞ்சாங்கம் தந்த வெற்றுப் பெயருக்குப் பசித்த மக்கள் பொருள் ஏற்றிவிட்டனர்.

தென்னிந்தியாவை மையமாகக் கொண்ட அப்பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான மதிப்பீடு. மழை பொய்த்தது முதற்காரணம். ஆனால் அது மட்டுமே காரணமன்று. வைசிராய் லிட்டன் பிரபு தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையில் உறுதியாயிருந்தார். இந்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி தடையின்றித் தொடர்ந்தது. சென்னை மாகாணம் பசியில் துடித்துக்கொண்டிருந்த 1877 ஜனவரி முதல் நாளில், விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் தில்லியில் பெருஞ்செலவில் நடைபெற்றது. அரசாங்கம் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. உழைக்கும் உடலுக்கு இது போதாது, குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் காய்கறியும் பருப்பும் வேண்டுமென்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அவ்வரசின் ஊழியருள்ளேயே ஒருவர் பசித்தவர்களுக்காகப் பேசியதை நாம் மறக்கலாகாது. மாயூரத்தில் முன்சீப் வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்ததும் அந்நாட்களில்தான்.

அந்தப் பஞ்சத்தின் அடையாளத்தைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிந்தாதிரிப்பேட்டை நிலையத்தில் திருமயிலை நோக்கிச் செல்லும் பறக்கும் ரயிலில் ஏறினால் போதும். சிந்தாதிரிப்பேட்டையே உழைப்பாளிகளுக்காக எழுந்த ஊர். 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் ஆற்றின் வளைவில் நெசவாளர்களைக் குடியேற்றி அமைக்கப்பட்டது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே அதன் பெயராயிற்று என்பர். ரயில் சேப்பாக்கத்தைக் கடந்ததும் தூண்களுக்கிடையே கறுத்த நீர் தேங்கிய ஒரு கால்வாய் தெரியும். அது பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் சுமார் 8 கிலோமீட்டர் நீளப் பகுதி, 1877-78இல் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பசித்து வந்தவர்கள் கூலிக்காக மண் சுமந்து வெட்டிய வாய்க்கால் அது. அதற்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது.

இரண்டு பஞ்சங்கள், இரண்டு கால்வாய்கள். இரண்டுக்கும் ஆட்சியாளரின் பெயரே வாய்த்தது. ஒன்று பசித்தவர்களிடம் தானியம் வந்து சேர்வதற்காக வெட்டப்பட்டது. மற்றொன்றைப் பசித்தவர்களே தங்கள் தானியத்திற்காக வெட்டினர். ஆனால் இரண்டு ஆண்டுகளின் பெயர்களும் ஆட்சியாளர் இட்டவையல்ல. லிட்டனின் ஏடுகளில் 1877 பேரரசியின் ஆண்டு. மக்களின் நாவிலோ அது தாதுப் பஞ்சம். இன்று தில்லி தர்பாரை நினைவுகூர்வோர் எத்தனை பேர்? தாதுப் பஞ்சம் என்ற சொல் இன்னும் வாழ்கிறது.

சாம்பல் ஆண்டு என்ற பெயரைத் தம் ஆட்சிக்கு இழுக்கென்று உமர் (ரலி) அவர்கள் கருதியதாக எந்த நூலும் கூறவில்லை. வெற்றிகள் குவிந்த ஆட்சி அது. ஆயினும் அந்த ஆண்டு பசியின் பெயராலேயே நின்றது. துன்பத்தை அதன் பெயர் சொல்லி அழைத்த சமுதாயம் அதைத் தீர்க்கவும் முனைந்தது. துன்பத்திற்கு வேறு பெயர் சூட்டுகிற சமுதாயத்திற்குத் தீர்க்க வேண்டியது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதை முன்னோர் பெருமை பேசுவதற்காக எழுதவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பள்ளிவாசல்கள் பலவும் சமய வேறுபாடின்றிக் கதவைத் திறந்தன. கொள்ளைநோய்க் காலத்தில் உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை நம் இளைஞர்கள் பலர் அடக்கம் செய்தனர். அவை நன்மைகளே. ஆனால் வெள்ளமும் நோயும் இல்லாத சாதாரண ஆண்டுகளில் நம் தெருவின் பசியை நாம் அறிந்திருந்தோமா? கூவத்தின் கரையிலிருந்து அகற்றப்பட்டு நகருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பங்களைக் கேட்டால், கடந்த ஆண்டுக்கு அவர்கள் என்ன பெயர் சொல்வார்கள்?

முஹர்ரம் பிறக்கும்போது புதிய ஹிஜ்ரி எண்ணை நாட்காட்டியில் மாற்றிக்கொள்கிறோம். இனி வரும் முஹர்ரத்தில், இன்ஷா அல்லாஹ், வீட்டார் கூடியமர்ந்து கழிந்த ஆண்டுக்கு ஒரு சொல் தேடிப் பார்ப்போம். நம் வீட்டுக்கு உரிய சொல்லைத் தேடிய பின், அண்டை வீட்டாரிடமும் கேட்போம். அவர்கள் கூறும் சொல் நம்முடையதினின்று மிகவும் வேறுபட்டதாயின், நாம் ஆற்ற வேண்டிய கடமை அங்கே காத்திருக்கிறது. மறுமையில் விசாரிக்கப்படும் முன் நம்மை நாமே விசாரித்துக்கொள்ள வேண்டுமென்று அறிவுறுத்தியவரும் அதே உமர் (ரலி) அவர்கள்தாம்.

நாம் கடந்துசெல்லும் ஆண்டுகளைப் பிறர் பசியின் பெயரால் நினைவுகூரப்படாதவையாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.