விண்வெளி விளையாட்டுகளில் ஒளிந்திருந்த பெயர்கள்

வீடியோ விளையாட்டு என்றவுடன், ‘பொழுதைப் போக்கும் பொம்மை’ என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் அந்தப் பொம்மைக்குள்ளும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலான அந்தச் சரித்திரத்தில் ஒரு விசித்திரமான பகுதி உண்டு. விளையாட்டைச் செய்தவர்கள், விளையாடுகிறவர்களுக்குத் தெரியாமல், சில சமயம் சம்பளம் கொடுத்த முதலாளிக்கும் தெரியாமல், உள்ளே ஒளித்து வைத்த இரகசியங்களே அவை. அவற்றை ஏன் ஒளித்தார்கள்? எப்படி ஒளித்தார்கள்? விஞ்ஞானப் புனைகதைகளைத் தழுவிய சில விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

திரைக்குள் ஓர் உண்மை வானம்

1962ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிடிபி-1 என்ற கணிப்பொறி இருந்தது. அதன் விலை ஏறத்தாழ 1,20,000 டாலர். அடிப்படை அமைப்பில் அதன் நினைவகம் 4096 சொற்களை மட்டுமே கொள்ளும். ஒரு சொல்லுக்கு 18 பிட்டுகள். இந்தக் கணிப்பொறியின் வட்டமான திரையில் என்ன செய்து காட்டலாம் என்று யோசித்த ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும், இ. இ. ஸ்மித் எழுதிய விண்வெளிக் கதைகளில் மனத்தைப் பறிகொடுத்தவர்கள். அந்த ஆர்வத்தில் பிறந்ததுதான் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டு. இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்த முயலும். நடுவே ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பு விசை இரண்டையும் இழுக்கும். நியூட்டனின் விதிப்படி கலங்கள் வளைந்து செல்வதைத் திரையிலேயே காணலாம். ஆனால் அவை வீசும் குண்டுகளுக்கு மட்டும் ஈர்ப்பு கிடையாது! அவற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடக் கணிப்பொறிக்கு நேரம் போதவில்லை என்பதே காரணம்.

முதலில் திரையின் பின்னணியில் விண்மீன்கள் மனம் போனபடி தூவப்பட்டிருந்தன. பீட்டர் சாம்சன் என்ற இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. ‘வானம் என்றால் உண்மையான வானமாக இருக்கவேண்டாமா?’ என்று அவர் விண்மீன் அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வான நடுக்கோட்டிற்கு வடக்கே இருபத்திரண்டரைப் பாகை, தெற்கே இருபத்திரண்டரைப் பாகை என்ற எல்லைக்குள், ஐந்தாம் ஒளித்தரம் வரையுள்ள விண்மீன்களின் இருப்பிடங்களைக் கணிப்பொறிக்குள் ஏற்றினார். பிரகாசமான விண்மீன் பிரகாசமாகத் தெரியவேண்டும் அல்லவா? அதற்கும் வழி செய்தார். திரையில் ஒரே இடத்தை எலக்ட்ரான் கற்றை எத்தனை முறை தாக்குகிறதோ அதற்கேற்ப அந்தப் புள்ளி ஒளிரும்.

இந்த எல்லைக்குள் எந்த விண்மீன்கள் அடங்கும் என்று நீங்களே கணக்கிடலாம். நாம் திருவாதிரை என்றும், உரோகிணி என்றும், மகம் என்றும், சித்திரை என்றும், திருவோணம் என்றும் அழைக்கும் விண்மீன்கள் யாவும் இதனுள் வரும். ஆனால் கேட்டை வராது. அது நடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறக்குறைய 26 பாகையில் இருக்கிறது.

தம் வேலைக்குச் சாம்சன் இட்ட பெயர் ‘விலையுயர்ந்த கோளரங்கம்’. அந்தக் கழகத்தில் கணிப்பொறியைக் கொண்டு கட்டுரை தட்டச்சு செய்யும் ஒரு புரோகிராமுக்கு ‘விலையுயர்ந்த தட்டச்சுப் பொறி’ என்று பெயர். இலட்ச டாலர் இயந்திரத்தால் சில நூறு டாலர் வேலையைச் செய்வதைத் தாங்களே கேலி செய்துகொண்ட பெயர் அது. அந்தக் கேலியைச் சாம்சன் வானத்திற்கும் நீட்டிவிட்டார்!

நிலவில் ஓர் உணவுக் கடை

அடுத்தது 1973. மனிதன் நிலவில் கடைசியாக நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் தன்னுடைய ஜிடி-40 என்ற திரைக் கருவியின் திறமையைக் காட்டுவதற்காக ஜாக் பர்னஸ் என்பவரைக் கொண்டு ஒரு விளையாட்டைத் தயாரித்தது. விண்கலத்தை நிலவில் பத்திரமாக இறக்கவேண்டும், எரிபொருளோ குறைவு. ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு உந்துவிசையையும் கலத்தின் சாய்வையும் மாற்றலாம். இயக்கவியல் பாடத்தில் வரும் கணக்குகளே இதில் படமாக ஓடும்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றும் அதில் இருந்தது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் சரியாக இறங்கினால், அங்கே மெக்டொனால்ட்ஸ் உணவுக் கடை தென்படும்! விண்வெளி வீரர் இறங்கி நடந்து சென்று சாப்பாடு வாங்கி வருவார். கவனக்குறைவாகக் கடையின் மேலேயே கலத்தை இறக்கிவிட்டால், நிலவில் இருந்த ஒரே கடையையும் அழித்துவிட்டதாகத் திரை வசைபாடும்.

இதுவரை பார்த்தவை விளையாட்டுப் பிள்ளைகளின் குறும்பு. இனி வருவது வேறு வகை.

பெயரற்ற ஆசிரியர்கள்

ஒரு நாவலின் அட்டையில் ஆசிரியர் பெயர் இருக்கிறது. திரைப்படத்தில் ஒளிப்பதிவாளர் பெயரிலிருந்து உதவியாளர் பெயர் வரை காட்டுகிறார்கள். 1970களில் அட்டாரி என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுகளின் பெட்டியிலோ திரையிலோ அதைச் செய்தவரின் பெயர் இருக்காது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் அதிகச் சம்பளம் காட்டி ஆளை இழுத்துவிடும் என்பது நிறுவனத்தின் அச்சம். அந்த அச்சத்தில் வியாபார நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அக்காலத்தில் ஒரு விளையாட்டைக் கற்பனை செய்வது, படம் வரைவது, ஒலி அமைப்பது, புரோகிராம் எழுதுவது ஆகிய எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே ஆள் செய்தார். அப்படிப்பட்ட படைப்புக்குத் தம் பெயர் இல்லையென்றால் அவர் மனம் என்ன பாடுபடும்?

வாரன் ராபினெட் என்பவர் ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டை எழுதினார். இது விண்வெளிக் கதையன்று. கோட்டைகளும் டிராகன்களும் நிறைந்த மாயக்கதை. ஆயினும் இதை விட்டுவிட்டு நம் சரித்திரத்தைச் சொல்ல முடியாது. இதன் புரோகிராம் முழுவதும் 4096 பைட்டுகளுக்குள் அடங்கவேண்டும். ஒரு பைட்டில் ஓர் ஆங்கில எழுத்து என்று வைத்துக்கொண்டால் இது ஏறத்தாழ இரண்டு அச்சுப் பக்கம்தான். விளையாட்டு நடக்கும்போது மாறும் விவரங்களைக் குறித்து வைக்கவோ வெறும் 128 பைட்டுகள். இவ்வளவு நெருக்கடியான இடத்தில் ராபினெட் ஓர் இரகசிய அறையைக் கட்டினார்.

அதற்குள் செல்லும் வழியைக் கேளுங்கள். கறுப்புக் கோட்டையின் சிக்கலான பாதைகளுக்குள், மூடிய ஓர் இடத்தில், ஒரே ஒரு சிறு புள்ளி கிடக்கும். அதன் நிறமும் பின்னணியின் நிறமும் ஒன்றே. ஆகவே கண்ணில் படாது. அதை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட ஓர் அறைக்கு வரவேண்டும். அந்த அறையில் வேறு பொருள்களும் சேர்ந்து கிடந்தால், அங்குள்ள சுவர் மினுக்கத் தொடங்கும். அந்த இயந்திரத்தால் ஒரே சமயத்தில் சில பொருள்களையே வரைய முடியும். மிகுந்தால் மாற்றி மாற்றி வரையும். இயந்திரத்தின் இந்தக் குறையையே ராபினெட் கதவாக்கிவிட்டார். மினுக்கும் சுவரைக் கடந்து உள்ளே போனால், இந்த விளையாட்டைப் படைத்தவர் வாரன் ராபினெட் என்ற வாசகம் நிறம் மாறி மாறி ஒளிரும்.

இதை அவர் உடன் வேலை செய்தவர்களிடமும் சொல்லவில்லை. 1979இல் வேலையை விட்டு விலகினார். விளையாட்டு 1980இல் விற்பனைக்கு வந்தது. அவர் பின்னாளில் கூறிய கணக்குப்படி, அவருடைய ஆண்டுச் சம்பளம் 22,000 டாலர். அட்வென்ச்சரோ ஒன்று 25 டாலர் வீதம் சுமார் பத்து இலட்சம் விற்றது. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்த அறை ஏன் கட்டப்பட்டது என்பது விளங்கும்.

சால்ட் லேக் சிட்டியில் வசித்த 15 வயதுச் சிறுவன் ஒருவன் அறையைக் கண்டுபிடித்து நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினான். அப்போதுதான் அதிகாரிகளுக்கு விஷயமே தெரிந்தது. ஆனால் என்ன செய்ய முடியும்? புரோகிராம் அச்சுப்போலச் சிலிக்கான் சில்லிலேயே பதிக்கப்பட்டுவிட்டது. ஓர் எழுத்தை மாற்றவேண்டுமானாலும் சில்லுக்கான மூல அச்சைப் புதிதாகச் செய்யவேண்டும், அதற்குப் பெருஞ்செலவாகும். அங்கே மேலாளராக இருந்த ஸ்டீவ் ரைட், ‘இருந்துவிட்டுப் போகட்டும், இத்தகைய இரகசியங்களை இனி நாமே வைப்போம்’ என்ற கருத்துடையவர். மேலைநாடுகளில் ஈஸ்டர் பண்டிகையன்று வண்ணமிட்ட முட்டைகளை ஒளித்து வைத்துக் குழந்தைகளைத் தேடச் சொல்வது வழக்கம். அதை நினைத்து அவர் இட்ட பெயர்தான் ‘ஈஸ்டர் முட்டை’. இன்றும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

நாற்பது ஆண்டு உறங்கிய வணக்கம்

இதுவே முதல் முட்டை என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் சரித்திரத்தில் ‘முதல்’ என்ற சொல்லை எச்சரிக்கையோடுதான் கையாளவேண்டும். 1977இல் அட்டாரி ‘ஸ்டார்ஷிப் 1’ என்ற விண்வெளி விளையாட்டைக் கடைகளில் வைத்தது. காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி அது. அதை வடிவமைத்தவர் ரான் மில்னர். சில பொத்தான்களைக் குறிப்பிட்ட முறையில் அழுத்திக்கொண்டே காசைப் போட்டால், ரானுக்கு வணக்கம் சொல்லும் ஒரு வரி திரையில் தோன்றும். பத்து ஆட்டங்களும் இலவசமாகக் கிடைக்கும். 2017இல் எட் ஃபிரைஸ் என்பவர் இதற்கான வழியைக் கண்டறிந்து வெளியிடும்வரை, நாற்பது ஆண்டுகள், அந்த வணக்கம் சில்லுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது.

யார் யார்?

1982இல் வெளிவந்த ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ இன்னொரு சுவையான சான்று. ‘யார்’ என்பது விண்வெளியில் வாழும் ஈ போன்ற ஓர் உயிரினம். அது வாழும் விண்மீன் குடும்பத்தின் பெயர் ‘ரசாக்’. தமிழ் வாசகர்களுக்கு ‘யார்’ ஒரு கேள்வியாகத் தோன்றும். விடை அதற்குள்ளேயே இருந்தது. இப்பெயர்களை ஆங்கில எழுத்துகளில் பின்னிருந்து படித்தால் ‘ரே’ என்றும் ‘கசார்’ என்றும் வரும். ரே கசார்தான் அப்போதைய அட்டாரியின் தலைவர்! தம் பெயர் வெளிவரக்கூடாத இடத்தில், ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஆசிரியர் தலைவரின் பெயரைத் தலைகீழாக வைத்துவிட்டார். தம்முடைய முதலெழுத்துகளையும் விடவில்லை. பகைவனின் சுழல் ஆயுதத்தைப் பறக்கும்போதே வீழ்த்தி, பிறகு தோன்றும் கரும்புள்ளியின் வழியே சரியாகச் சென்றால் அவ்வெழுத்துகள் திரையில் வரும்.

இதே விளையாட்டில் திரையின் நடுவே பல வண்ணங்களில் மின்னும் பட்டை ஒன்று உண்டு. அதற்கான கோலத்தைத் தனியே எழுதி வைக்க நினைவகத்தில் இடமில்லை. ஆகவே வார்ஷா, புரோகிராமின் சொந்தப் பைட்டுகளையே படமாகத் திரைக்கு அனுப்பினார். இலட்சக்கணக்கானோர் அந்த வண்ணப் பட்டையைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது அந்த விளையாட்டின் இரகசிய எழுத்தையேதான்!

ஒளிப்பதா, உரைப்பதா?

பெயர் மறுக்கப்பட்ட எல்லோரும் ஒளிந்து எழுதவில்லை. டேவிட் கிரேன், லாரி கேப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நால்வரும் 1979இல் அட்டாரியை விட்டு வெளியேறி, ஜிம் லெவியோடு சேர்ந்து ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தை நிறுவினார்கள். அங்கே விளையாட்டோடு வந்த கையேட்டிலேயே ஆசிரியரின் பெயரும் படமும் அச்சாயின. அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் அது சமரசமாக முடிந்தது. பெயரைத் திறந்து சொல்லும் வழக்கம் நிலைத்தது. இன்று பெரிய விளையாட்டு ஒன்றை ஆடி முடித்தால், அதில் உழைத்த நூற்றுக்கணக்கானோரின் பெயர்கள் திரையில் ஓடுகின்றன.

ஒளித்து வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. ‘எக்செல் 97’ என்ற கணக்குத்தாள் மென்பொருளுக்குள் பறக்கும் விளையாட்டு ஒன்று ஒளிந்திருந்தது. வேடிக்கைதான். ஆனால் ஆயிரம் பேர் கணக்கை நம்பி ஒப்படைக்கும் ஒரு கருவிக்குள், பொறுப்பாளருக்கே தெரியாத பகுதி இருக்கலாமா? குறும்பு ஒளிந்திருக்கக்கூடிய இடத்தில் தீமையும் ஒளிந்திருக்கலாம் அல்லவா? ஆகவேதான் மருத்துவமனை, வங்கி, விமானம் ஆகியவற்றுக்கான புரோகிராம்களில் ஒவ்வொரு வரியும் பிறர் கண்ணுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். விளையாட்டில் பொறுத்துக்கொள்ளக்கூடியதை எல்லா இடத்திலும் பொறுத்துக்கொள்ள இயலாது.

ராபினெட்டின் அறையை ஒரு திருட்டுத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். உழைத்தவனின் பெயரை உரிய இடத்தில் எழுதியிருந்தால், அவன் சுவருக்குள் எழுதியிருக்கத் தேவையில்லை. குற்றம் எங்கே தொடங்கியது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நாம் கண்ட இரகசியங்களுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது பீட்டர் சாம்சனின் வானம். அதில் பெயரும் இல்லை, பரிசும் இல்லை. சுடுவதில் முனைந்திருந்த ஆட்டக்காரர்களுள் எத்தனை பேர் அதைச் சரிபார்த்திருப்பார்கள்? ஆயினும் விண்மீன்கள் தத்தம் இடத்தில் இருந்தன. கலிபோர்னியாவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில், பழுது பார்த்துச் சீராக்கிய பிடிபி-1 ஒன்று இருக்கிறது; அதில் இன்றைய பார்வையாளர்களும் ஸ்பேஸ்வாரைக் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தை மாத இரவில் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். தலைக்கு மேலே திருவாதிரையும், அதற்கு மேற்கே உரோகிணியும் தெரியும். 1962இல் ஓர் இளைஞர் அட்டவணையைப் பார்த்துப் பார்த்துக் கணிப்பொறிக்குள் பதித்த வானம் அதுவேதான்.